அமலராணி அழித்த பத்தொன்பது புரோகிராம்கள்

பதினான்கு மாதம் பாடுபட்டுக் கட்டியதைப் பரீட்சை நாள் காலையில் தன் கையாலேயே இடித்துத் தள்ளுகிற மனுசி உலகத்தில் இருப்பாளா? இருந்தாள். இக்காஸ்ட் ரயில் நிலையத்து வாங்குப் பலகையில், மடியில் கைப்பையும் கையில் கல்குலேற்றருமாக, காலை ஏழு பத்துக்கு இருந்தாள். பெயர் அமலராணி. வயது நாற்பத்தாறு. அவள் என்ன செய்தாள், ஏன் செய்தாள் என்று கேட்டால் உங்களுக்கும் தலை சுற்றும். கேளுங்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு கல்யாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்தவள். புருசன் ஸ்ரிபன் ஹேர்னிங்கில் பஸ் ஓட்டுகிறார். வாய் திறந்தால் பஸ்ஸைப் பற்றித்தான் கதைப்பார், தங்கமான மனிதன். ஒரே மகள் பிரியந்தி ஓகூஸில் படிக்கிறாள். அமலராணி வந்த அடுத்த வருசமே துணித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். முதலில் தையல். தையல் மெசின்கள் வெளிநாட்டுக்குப் போனபின் அதே கட்டடத்தில் பொதி கட்டும் வேலை. காலுறை, பெனியன், காலுறை, பெனியன். இருபது வருசத்தில் அவள் கட்டிய பொதியை அடுக்கினால் மலை வரும், டென்மார்க்கில் இல்லாத மலை.

போன வருசம் முதலாளி எல்லாரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டுக் கேக் வெட்டிக் கொடுத்தார். கேக் என்றதும் அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த ஊரில் கெட்ட செய்தியைக் கேக்கோடுதான் தருவார்கள். பொதி கட்டும் பிரிவும் போலந்துக்குப் போகிறதாம். இன்னும் பதினாறு மாதம்.

அந்தத் தொழிற்சாலையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இருந்தாள். துணியின் சாயம் வெளுக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்க்கிறவள். லாபொறான்ட் என்பார்கள். அவளுடைய கண்ணாடிக் குழாய்களைக் கடந்து போகும்போதெல்லாம் அமலராணியின் நடை தானாக மெதுவாகும். அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். பதில் வந்தது: இடம் உண்டு, ஆனால் வளர்ந்தோர் கல்விக்கூடத்தில் கணிதம் எழுதிச் சித்தியடைய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. நாற்பத்தாறு வயதில் இன்னொரு தடவை யார் கூப்பிடப் போகிறார்கள்? ஆகவே அந்தக் கணிதப் பரீட்சையில்தான் அவளுடைய மிச்சக் காலம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

கணக்கு அவளுக்கு வராதது அல்ல. கேள்வி டெனிஷில் வரும். அதை மனதுக்குள் தமிழாக்குவாள். தமிழாக்கி முடிப்பதற்குள் சூத்திரம் பறந்துவிடும். சூத்திரத்தைப் பிடித்து வந்தால் கேள்வி மறந்துவிடும். வகுப்பில் மற்றவர்கள் மூன்றாம் கணக்கில் நிற்கும்போது இவள் முதல் கணக்கின் இரண்டாம் வரியில் நின்று வியர்ப்பாள்.

அப்போதுதான் மகளுடைய பழைய கிராஃப் கல்குலேற்றர் மேசை லாச்சிக்குள் கிடந்து கையில் அகப்பட்டது. செங்கல் அளவு, செங்கல் நிறை. தவறுதலாக ஒரு விசையை அமத்த, புதுப் புரோகிராம் எழுதப் போகிறாயா, பெயர் என்ன என்று கேட்டது அது. அமலராணி பயந்து அணைத்துவிட்டாள். அடுத்த நாள் மறுபடி திறந்தாள்.

அந்த மெசினில் எழுதுவது லேசுப்பட்ட வேலையென்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு அமத்தல். எழுத்துகள் கணினியில் இருப்பது போலவும் இல்லை, பள்ளிக்கூடத்து ஏ, பீ, சீ வரிசை. ‘கேள்’, ‘காட்டு’, ‘இப்படியென்றால் அப்படிச் செய்’ போன்ற கட்டளைகளை விசையில் அடிக்க முடியாது. பட்டியலைத் திறந்து, படி இறங்கித் தேடி எடுக்க வேண்டும். ஒரு அடைப்புக்குறி தவறினால் ‘பிழை’ என்று கத்தும். இக்காஸ்ட்டிலிருந்து ஹேர்னிங் போகும் ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், தொழிற்சாலையில் தேத்தண்ணி இடைவேளை பதினைந்து நிமிடம். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த நேரம். அதற்குள் மூன்று வரி, நான்கு வரி.

முதல் புரோகிராம் வேலை செய்த அன்று ரயிலில் “ஆண்டவரே!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். எதிரில் இருந்த கிழவர் திடுக்கிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

விசயம் இதுதான். அவள் எழுதிய புரோகிராம் தமிழில் கேள்வி கேட்டது. எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழ். “பக்கம் எவ்வளவு?” என்று கேட்கும். “எந்தக் கோணம்?” என்று கேட்கும். முட்டாள்தனமாக ஏதும் கொடுத்தால் “கவனம் அமலா” என்று அதட்டும். அதையும் அவள்தான் எழுதிவைத்தாள். எட்டு எழுத்துக்குள் பெயர் வேண்டும் என்பதால் முக்கோணத்துக்கு ‘சொதி’, வளர்ச்சிக் கணக்குக்குப் ‘பிட்டு’, வட்டிக்குச் ‘சம்பல்’ என்று சாப்பாட்டுப் பெயர்களாக வைத்தாள். இப்படிப் பத்தொன்பது. சொதி மட்டும் அறுபத்தொரு வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டால் கணக்கு ஓடாது, நின்று பேசும்.

“மோர்,” என்றாள் பிரியந்தி, ஒரு வார இறுதியில் வந்தபோது. அம்மாவை அவள் டெனிஷில்தான் கூப்பிடுவாள். “கேபிள் போட்டுக் கொம்பியூட்டரில அடிக்கலாம். கொப்பி ஒண்டும் அங்க இருக்கும்.”

“வேண்டாம் பிள்ளை. என்ர விரலுக்கு இதிலயே பழகிட்டுது.”

கொப்பி வேண்டாம் என்றதன் உண்மையான காரணம் வேறு. இந்தப் புரோகிராம்கள் கள்ளம் என்று அவள் நினைத்தாள். பரீட்சைக்குக் கொண்டுபோகும் சாமானுக்குள் எழுதிவைப்பது கள்ளமில்லாமல் வேறென்ன? ஆசிரியை லேனே பக்கத்தில் வந்தால் திரையைக் கையால் மறைப்பாள். “இரண்டாம் பகுதிக்கு எல்லா உதவிப்பொருளும் கொண்டுவரலாம்” என்று லேனே பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். அமலராணிக்கு உதவிப்பொருள் என்றால் அடிமட்டம், கவராயம், பென்சில், வெறும் கல்குலேற்றர். கேட்டுத் தெளிந்திருக்கலாமே என்பீர்கள். கள்ளன் பொலிசிடம் போய்ச் சந்தேகம் கேட்பானா? மாதிரிப் பரீட்சை நடந்த அன்று தொழிற்சாலையில் லீவு கொடுக்கவில்லை. அதற்குப் போயிருந்தால் ஒரு நிமிடத்தில் கண் திறந்திருக்கும். விதி.

இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருந்தது. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

தொண்ணூற்று நான்கில், யாழ்ப்பாணத்தில், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தவணைப் பரீட்சை. அப்போது கல்குலேற்றர் ஏது? பெருக்கல் பிரித்தலுக்கு மடக்கை வாய்பாட்டுப் புத்தகம்தான், லொக் புத்தகம் என்பார்கள். சிநேகிதி கிளோறியா தன்னுடையதை வீட்டில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்று அழுதாள். அமலராணியின் பையில் இரண்டு இருந்தன, ஒன்று அவளுடையது, மற்றது தமையனுடையது. மணி அடித்துவிட்டது. கைக்கு அகப்பட்டதை நீட்டிவிட்டு ஓடினாள். அரை மணி நேரம் கழித்து மேற்பார்வைக்கு வந்த மதர், கிளோறியாவின் மேசையில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு வரி. முக்கோணத்தின் கோசைன் சூத்திரம். முதல் நாள் பின்னேரம் அமலராணி எழுதியது.

“ஆர் எழுதினது?” என்று மதர் கேட்டார். கிளோறியா வாய் திறக்கவில்லை. இரண்டு மேசை தள்ளியிருந்த அமலராணியின் முகத்தில் ஈயாடவில்லை. எழும்ப நினைத்தாள், கால் எழும்பவில்லை. கிளோறியாவின் தாளைப் பறித்து வெளியே அனுப்பினார்கள். மானம் போய்விட்டதென்று தகப்பன் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்தினார். அடுத்த வருசம் டென்மார்க் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது வைலேயில் ஒரு பண்டசாலையில் பெட்டி ஏற்றுகிறாள். தமிழ்ப் பூசைக்கு வந்தால் அமலராணிக்குப் பக்கத்தில்தான் இருப்பாள், “என்னடி மெலிஞ்சு போனாய்” என்பாள். இருபத்தொன்பது வருசமாக அமலராணி அவளிடம் சொல்லவில்லை. குருவானவரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழந்தாளிடும்போதெல்லாம் அந்த வரி தொண்டை வரை வரும். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்குப் பிந்தினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பிவிடுவாள்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறும் அப்படித்தான். பெரியது வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்தது.

“சுவாமி, பரீட்சைக்குக் கொண்டு போற சாமானுக்குள்ள எழுதி வைச்சிருக்கிறன்.”

உள்ளே ஒரு கொட்டாவி கேட்டது. பாவம், மாதத்துக்கு ஒருக்கா நூறு மைல் கார் ஓடி வருகிற மனிதர்.

“உமக்கு அது கள்ளமெண்டு படுகுதோ பிள்ளை?”

“ஓம் சுவாமி.”

“அப்ப அழிச்சுப் போட்டுப் போம். ஒரு செபமாலையும் சொல்லும்.”

அவர் என்ன, துண்டுக் கடதாசி என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்லி என்ன?

இரண்டு நாள் அழிக்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, ரயில் வர ஆறு நிமிடம் இருக்கையில், வாங்கில் இருந்தபடி நினைவகப் பட்டியலைத் திறந்தாள். ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று அது கேட்டது. கிளோறியாவின் முகம் வந்தது. மூன்று விசை. சொதி, பிட்டு, சம்பல், எல்லாம் போயின. ‘அழிந்தது’ என்ற ஒரு சொல்லோடு திரை பளிச்சென்று நின்றது. அமலராணிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

பரீட்சை மண்டபம் ஒரு உள்ளக விளையாட்டுக் கூடம். முதல் பகுதி ஒரு மணித்தியாலம், பென்சிலும் தாளும் மட்டும். அதைப் பரவாயில்லாமல் எழுதினாள். தாள்களைச் சேர்த்து எடுத்தபின் இரண்டாம் பகுதி. மேற்பார்வைக்கு வேலையிலிருந்து இளைப்பாறிய கிழவர்கள் சிலர், பின்னல் மேற்சட்டையும் கோப்பிக் குவளையுமாக.

அப்போது நடந்ததை அவள் கண்ணே நம்பவில்லை. பக்கத்து மேசைப் பெண் பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்து வைத்தாள். பிறகு பாடப்புத்தகம். பிறகு ஒரு கோப்பு. இன்னொரு கோப்பு. உள்ளே முழுக்க முழுக்கக் கையால் எழுதிய சூத்திரங்கள், செய்து முடித்த கணக்குகள், மஞ்சள் சிவப்புக் கோடு வேறு! முன் மேசைப் பையன் பெட்டியையே உருட்டிக்கொண்டு வந்திருந்தான். இது பரீட்சையா, சந்தையா? அமலராணி பதறிப்போய் மேற்பார்வைக் கிழவரைப் பார்த்தாள். இப்போது வருவார், தாளைப் பறிப்பார், அந்தப் பிள்ளையை வெளியே அனுப்புவார். கிழவர் வந்தார். அந்தப் பெண்ணின் மின்வயரைச் சுவரில் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அமலராணி கை தூக்கினாள்.

“எழுதி வைச்சதெல்லாம்... கொண்டு வரலாமா?” என்று டெனிஷில் கேட்டாள்.

“இன்ரநெற் இல்லாமல் எதுவும் கொண்டுவரலாம் அம்மணி.”

“கல்குலேற்றருக்குள்ளே எழுதினதும்?”

“அதுவும்தான்.”

“நானே எழுதின புரோகிராமும்?”

கிழவர் அவளை அனுதாபத்தோடு பார்த்தார். “நீங்களே எழுதியதென்றால் கெட்டித்தனம்தானே,” என்றார்.

பேயறைந்தவள் போல இருந்துவிட்டாள் அமலராணி. ஐயோ மாதாவே, என்ன வேலை பார்த்தேன்! பதினான்கு மாதம்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டதென்று ஊரில் சொல்வார்களே, இவள் மண் மட்டுமா, கல்லும் சேர்த்தல்லவா போட்டுக்கொண்டாள். சூத்திரப் புத்தகம் வீட்டு மேசையில். வகுப்புக் குறிப்புக் கொப்பிகள் வீட்டு மேசையில். அவற்றையும் அவள் பத்திரமாக, நேர்மையாக, வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

கேள்வித்தாளைத் திறந்தாள். ஆறு கணக்கில் மூன்று முக்கோணம். வாசித்தாள், தமிழாக்கினாள், சூத்திரம் பறந்தது. மறுபடி வாசித்தாள். மறுபடி பறந்தது. கால் மணி நேரம் போய்விட்டது. லாபொறான்ட் வெள்ளைக் கோட்டை வேறு யாரோ போட்டுக்கொண்டு நடப்பது கண்ணில் தெரிந்தது.

கை சும்மா இருக்கமாட்டாமல் கல்குலேற்றரை எடுத்தது. புதுப் புரோகிராம். பெயர்? சொதி. மண்டைக்குள் ஒன்றுமில்லை, ஆனால் விரல் படி இறங்கிக் ‘காட்டு’ கட்டளையை எடுத்தது. “பக்கம் எவ்வளவு?” என்று அடித்தது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. ரயிலில் அடித்து, அழித்து, திரும்பத் திரும்ப அடித்த வரிகள். அந்த நேரத்தில் தாளிலேயே கணக்கைச் செய்திருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். நெஞ்சு படபடத்துக்கொண்டு அந்த மேசையில் நீங்கள் இருக்கவில்லை.

முப்பது வரிக்கு மேல் போனபின்தான் அவளுக்கு விளங்கியது, விரல் இப்போது எந்த வரியை அடிக்கிறதென்று. பி வர்க்கம் கூட்டல் சி வர்க்கம் கழித்தல் இரண்டு பி சி கோசைன் ஏ. அதே வரி. பென்சில் வரி. விரல் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் அவள் பக்கமாக நடந்து வந்தார். அமலராணி திரையை மறைக்கவில்லை. பிடிக்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. சத்தியமாக, கல்குலேற்றரைக் கொடுத்துவிட்டு எழும்பி வெளியே நடக்கத் தயாராக இருந்தாள். கிழவர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான்! இந்த ஒரு வரிக்காகக் கிளோறியாவைத் துரத்தினார்கள். அதே வரியை இங்கே ஒரு கிழவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார். அமலராணியின் கண்ணீர் விசைகளின் மேல் விழுந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மிச்சத்தை அடித்தாள். ஐம்பது நிமிடம். அறுபத்தொரு வரிக்கு நாற்பத்தெட்டு வரிதான் வந்தது. “கவனம் அமலா” வரவில்லை. ஓடவிட்டாள். “பக்கம் எவ்வளவு?” என்று அது கேட்டது. பதில் சொன்னாள். மூன்று முக்கோணமும் முடிந்தன. மற்ற மூன்றில் ஒன்று முழுதாக, ஒன்று அரைகுறையாக, ஒன்று வெறுந்தாள்.

வெளியே வந்து மகளுக்குப் போன் அடித்துச் சொன்னாள். “அம்மா! எல்லாத்தையும் அழிச்சனீங்களா? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!” என்று பிரியந்தி கத்தினாள். பதற்றத்தில் பிள்ளைக்கு ‘மோர்’ மறந்துவிட்டது. ஸ்ரிபன் கதையைக் கேட்டுவிட்டு, “இஞ்சேரும், நான் பஸ்ஸை நடுவழியில விட்டிட்டு நடந்து போனமாதிரி இருக்கு நீர் செய்த வேலை” என்றார்.

மூன்று கிழமையில் பெறுபேறு வந்தது. நான்கு. அங்கே உச்சப் புள்ளி பன்னிரண்டு, சித்திக்கு இரண்டு போதும். ஸ்ரிபன் கேக் வாங்கி வந்தார். அமலராணி கேக்கைக் கண்டு ஒருகணம் பயந்து, பிறகு சிரித்தாள்.

அந்த ஞாயிறு கிளோறியா வைலேயிலிருந்து ரயிலேறி வந்தாள், கையில் அவளே பொரித்த பற்றிஸ் பலகாரம். “நாப்பத்தாறு வயசில பாஸ் பண்ணிக் காட்டிட்டாயடி! உனக்கு எப்பவும் கணக்கு வரும்,” என்று கட்டிப்பிடித்தாள். அமலராணிக்கு அந்தச் சொல் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அடுப்பில் தேத்தண்ணிக்குப் பால். அதைப் பார்த்தபடியே, திரும்பாமல், சொன்னாள்.

“கிளோறியா, அந்த லொக் புத்தகம் என்ர. அதில எழுதினது நான்.”

பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள்.

“தெரியும்,” என்றாள் கிளோறியா.

அமலராணி திரும்பினாள்.

“மதர் அந்தப் பக்கத்தை என்ர மூஞ்சைக்கு நேர நீட்டேக்கையே தெரியும். உன்ர இரண்டு எப்பவும் வாத்து மாதிரித்தானே இருக்கும்.”

“தெரிஞ்சும்... அண்டைக்கே தெரிஞ்சும் ஏன்டி சொல்லேல்லை?”

“நீ சொல்லுவாய் எண்டு பாத்தன்.”

“எவ்வளவு காலம் பாத்தாய்?”

“இப்ப வரைக்கும்.”

அமலராணி சமையலறைத் தரையிலேயே இருந்துவிட்டாள். மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள்ளேயே கரைந்தது. கிளோறியா அவளைத் தூக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவளும் எதிரில் தரையில் வந்து இருந்தாள். அவளுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் கோபமும் அதற்குள் இருந்தது. இருக்காதா?

“எங்க அந்த மெசின்? அந்த வரியைக் காட்டு.”

அமலராணி கைப்பையிலிருந்து கல்குலேற்றரை எடுத்து, சொதியைத் திறந்து, முப்பத்துநான்காம் வரிக்குப் படி இறங்கி, நீட்டினாள். கிளோறியா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டி ஏற்றிக் காய்ப்பேறிய விரலால் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தாள். திரையின் ஒரு கரையில் தொடங்கி மறு கரைக்கு வருமுன்பே அது முடிந்துவிட்டது.

“இவ்வளவு சின்ன வரியாடி அது?” என்றாள். “நான் பெரிசெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”